பட்டியலும் பொறுப்பும்: ஆய்விதழ் அறம் – ஒரு வரலாற்று நோக்கு

இந்தியப் பல்கலைக்கழகங்களில் ஆய்விதழ்களின் அண்மைக்கால வரலாறு, எண்ணிக்கைக்கும் அறத்திற்கும் இடையிலான முரண்பாட்டின் வரலாறு எனலாம். முனைவர் பட்ட ஆய்வேட்டினை அளிக்குமுன் ஒரு கட்டுரையேனும் வெளியிடவேண்டும் எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதித்தது. 2010ஆம் ஆண்டு விதிமுறைகள் ஆசிரியர்தம் பதவி உயர்விற்கும் கட்டுரைகளைப் புள்ளிகளாகக் கணக்கிட்டன. தேவை பெருகவே, முறையான மதிப்பீடின்றிக் கட்டணம் பெற்று வெளியிடும் இதழ்களும் பெருகின.

இதனைத் தடுக்க 2017இல் ஏற்பு பெற்ற இதழ்களின் பட்டியல் வெளியிடப்பட்டது. ஆயின் 2018 மே மாதத்தில் அப்பட்டியலிலிருந்தே 4,305 இதழ்கள் நீக்கப்பட்டன. அவ்வாண்டே கருத்துத் திருட்டைத் தடுக்கும் விதிமுறைகளும் வந்தன. ஒப்புமை 10 விழுக்காட்டைக் கடப்பின் நடவடிக்கை உண்டு என வரையறுக்கப்பட்டது. 2019இல் வந்த 'கேர்' பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டது. ஆய்வாளர்க்கான வெளியீட்டுக் கட்டாயத்தை 2022ஆம் ஆண்டு விதிமுறைகளே நீக்கிவிட்டன.

பட்டியலைப் போன்றே மென்பொருளுக்கும் எல்லை உண்டு. பழைய எழுத்துருவில் தட்டச்சான கட்டுரையும் அதன் ஒருங்குறிப் படியும் கணினிக்கு வெவ்வேறு எழுத்துத் தொடர்களே. அச்சில் மட்டுமே உள்ள நூலிலிருந்து எடுத்தாண்ட பகுதியை அது அறியாது. அத்துறையில் தோய்ந்த மதிப்பீட்டாளரே அறிவார்.

சீவக சிந்தாமணி (1887) முதலாகப் பல நூல்களைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், ஏட்டுச்சுவடி உதவியோரை முகவுரைகளில் பெயர் சுட்டி நன்றி பாராட்டினார். அவரை எவ்விதியும் வற்புறுத்தவில்லை. பட்டியல்கள் மறைந்த நிலையில், அப்பொறுப்பு மீண்டும் பதிப்பாசிரியரிடமும் கட்டுரையாளரிடமுமே வந்து சேர்ந்துள்ளது.