அனுமதிக் கடிதமும் அடுத்த வீட்டுக் கதவும்

மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழு கேட்டபோது, கப்பித்தான் பள்ளியின் கட்டட அழகு, நம் முன்னோரின் கப்பல் வாணிபம் என்ற வழக்கமான தலைப்புகளே முதலில் நினைவுக்கு வந்தன. அவற்றைப் பற்றி நம்மவரும் பிறரும் நிறைய எழுதிவிட்டார்கள். ஆகவே பெருமைக்குரியது என்று சொல்ல முடியாத, ஆனால் நம் குடும்பத்தார் பலர் மறக்காத ஒரு மீலாது இரவிலிருந்து தொடங்குகிறோம்.

அன்று சந்தில் பந்தல் போட்டிருந்தோம். கந்தூரிச் சோற்றுக்குப் பெரிய தேக்சாக்கள் அடுப்பில் ஏறியிருந்தன. இஷாவுக்குப் பிறகு பயான் நடந்துகொண்டிருக்கையில் அதிகாரிகள் இருவர் வந்து, சாலையில் பந்தல் போட அனுமதிக் கடிதம் இருக்கிறதா என்று கேட்டார்கள். போன வருடமும் போட்டோமே என்பதைத் தவிர நம்மிடம் பதில் இல்லை. ஒலிபெருக்கியை நிறுத்தினோம், பந்தலைப் பாதியாகச் சுருக்கினோம். புகார் கொடுத்தது யார் என்ற பேச்சு பல மாதம் ஓயவில்லை. பிறகுதான் தெரிந்தது: பந்தல் கால் ஒன்று ஒரு வீட்டு வாசலை அடைத்து நின்றது. உள்ளே படுத்த படுக்கையாக ஒரு மூதாட்டி. மருத்துவ வண்டி சந்து முனையிலேயே நின்றுவிட்டதாம்.

புகார் கொடுத்தவர் மீது நாம் கொண்ட கோபம் நியாயமா? இந்தக் கேள்வியோடு பழைய செய்திகளைப் புரட்டினால், இது இந்த ஊரின் மிகப் பழைய வழக்கு என்பது தெரிகிறது.

1867 ஏப்ரல் 1 வரை பினாங்கு, சிங்கப்பூர், மலாக்கா மூன்றும் இந்திய ஆட்சியின் கீழ் இருந்தன. கல்கத்தாவில் இயற்றிய சட்டம்தான் நம் தெருவையும் ஆண்டது. 1856-இல் அங்கே இயற்றப்பட்ட போலீஸ், நகராண்மைச் சட்டங்கள் தெரு ஊர்வலத்தையும் மேளதாளத்தையும் போலீசாரின் கட்டுப்பாட்டில் வைத்தன. அதுவரை தலைவர்களிடம் ஒரு சொல் சொல்லிவிட்டுக் கொடி தூக்கியவர்களுக்கு இது புது வழக்கம். 1857 ஜனவரி 2-ஆம் தேதி சிங்கப்பூர்ச் சீனர்கள் கடைகளை அடைத்து எதிர்ப்புக் காட்டினார்கள். அடுத்த மாதமே தெலுக் ஆயர் தெருவில், நம் தமிழ் மக்களின் விழாக் கூட்டத்தைப் போலீசார் விலக்க முயன்றபோது கைகலப்பாகித் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஒரு தெருவை அடைப்பது பற்றிய தகராறு அது. சட்டத்தை எழுதியவர்களுக்குக் கந்தூரி என்றால் என்னவென்று தெரியாது. விழா நடத்தியவர்களுக்கோ சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது.

இதையெல்லாம் வெள்ளைக்காரனின் கெடுபிடி என்று ஒதுக்கிவிடலாம். 1867-ஐ அப்படி ஒதுக்க முடியவில்லை.

வெள்ளைக் கொடி, சிவப்புக் கொடி என்ற பெயர்களைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மலாய் முஸ்லிம்களும் நம்மவரும் ஜாவிப் பெக்கான் குடும்பங்களும் இந்த இரு கொடிகளின் கீழ் பிரிந்து நின்றார்கள். இவை பிறக்கும்போதே சண்டைக் கூட்டங்களாகப் பிறக்கவில்லை. மய்யித்து அடக்கத்துக்கும் கல்யாணத்துக்கும் பெருநாளுக்கும் ஒருவருக்கொருவர் உதவ ஏற்பட்ட ஜமாஅத்துகளாகவே தொடங்கின என்பதைக் கலவரத்தை விசாரித்த ஆணையமே பதிவு செய்திருக்கிறது. நம்முடையதைப் போன்ற சங்கங்கள்தான், பதிவு எண் மட்டும் இல்லை. முஹர்ரம் ஊர்வலங்களில் இந்தக் கொடி முன்னால் போவதா, அந்தக் கொடி முன்னால் போவதா என்ற போட்டி வளர்ந்து பகையானது. வெள்ளைக் கொடி சீனர்களின் கீ ஹின் சங்கத்தோடும், சிவப்புக் கொடி தோ பே கோங் சங்கத்தோடும் கை கோத்தன.

1867 ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒரு திருட்டுக் குற்றச்சாட்டு தீப்பொறியானது. சுமார் பத்து நாள் ஜார்ஜ் டவுன் எரிந்தது. பட்டாளத்தின் பெரும்பகுதி நிக்கோபார் தீவுகளுக்குப் போயிருந்த நேரம் அது. துணை ஆளுநர் ஆன்சன், கையிலிருந்த சிறு படையையும் பொதுமக்களில் சேர்த்த தற்காலிகக் காவலர்களையும் வைத்துச் சமாளித்தார். கடைசியில் நான்கு சங்கங்களுக்கும் தலா 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அந்தப் பணத்தில் போலீஸ் நிலையங்கள் எழுந்தன. நம் முன்னோரின் அபராதக் காசும் அந்தச் சுவர்களில் இருக்கிறது என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அதைக் கேட்டு முழு மனதோடு சிரிக்க முடிவதில்லை.

அந்தக் கலவரத்தின் பின்விளைவாக 1869-இல் சங்கங்களைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. 1889-இல் அது இன்னும் இறுகியது. இன்று 1966-ஆம் ஆண்டுச் சட்டம் நடப்பில் உள்ளது. நம் அலுவலகச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் பதிவுச் சான்றிதழின் பாட்டன் வீடு 1867-இல்தான் இருக்கிறது.

இனி வேறொரு புகாரைப் பார்ப்போம். இதில் புகார் கொடுத்தவர்களும் நாம், கொடுக்கப்பட்டதும் நம்மவர் மீதே.

1801-ஐ ஒட்டிக் கப்பித்தான் காதிர் முகைதீன் காலத்தில் எழுந்த பள்ளிக்கு அரசு அளித்த நிலம் சிறியதன்று. பிட் தெருவுக்கும் சூலியா தெருவுக்கும் இடையே விரிந்த அந்த வக்ஃபு நிலம், நூறு ஆண்டுகளில் துண்டு துண்டாகக் கைமாறியது. குத்தகை, உள்குத்தகை, கணக்குக் காட்டாத வாடகை என்று பொறுப்பு பரம்பரையாக இறங்க, பள்ளியைச் சுற்றிக் குடிசைகள் நெருக்கிக்கொண்டு நின்றன. இதைச் சொந்த ஜமாஅத்துக்குள் பேசித் தீர்க்க முடியாமல் போகவே, நம்மவர் அரசாங்கத்துக்கு மனு எழுதினார்கள். விசாரணை நடந்தது. 1905-இல் முகம்மதியர், இந்து அறநிலையங்களுக்கான சட்டம் வந்து, மறு ஆண்டு வாரியம் அமைந்தது. வாரியம் இடிசல்களை அகற்றியது. 1910-ஐ ஒட்டி, நியூப்ரோன்னர் என்ற கட்டடக்கலைஞரின் திட்டப்படி பள்ளி இன்று நாம் காணும் குவிமாடத் தோற்றத்தைப் பெற்றது. சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் அந்தத் திறந்த வெளி, ஒரு புகாரின் விளைவு.

ஆனால் அதற்கு விலையும் கொடுத்தோம். பள்ளியின் நிலத்தைப் பற்றி முடிவெடுக்கும் நாற்காலியில் வெள்ளைக்கார அதிகாரி உட்கார்ந்தார். பல தலைமுறையாக அங்கே குடியிருந்த ஏழைக் குடும்பங்கள் பெயர்ந்தன. அவர்களும் நம்மவர்தாம். மனு எழுதியவர்கள் இவ்வளவையும் எதிர்பார்த்திருப்பார்களா? எங்கள் கருத்து, எழுதாமல் இருந்திருந்தால் பள்ளிக்கு மிஞ்சியிருக்கக்கூடிய நிலம் இன்னும் குறைவு என்பதே. குழுவிலேயே இதை ஒப்பாதவர் உண்டு.

அஞ்சடிக் கதையையும் சொல்ல வேண்டும். 1888 பிப்ரவரியில் சிங்கப்பூரில், கடைமுன் நடைபாதையான அஞ்சடியில் அடுக்கிய சரக்கை நகராண்மையார் அகற்றப்போய் மூன்று நாள் கலகம் நடந்தது. பினாங்கிலும் அஞ்சடியில்தான் நம்மவரின் பணமாற்று மேசையும் வெற்றிலைத் தட்டும் இருந்தன. காவடித் தண்டில் சோறு சுமந்து விற்றவர்கள் கால் ஆற நின்றதும் அங்கேதான். வழிப்போக்கருக்கு அது இடைஞ்சல், நமக்கு அது பிழைப்பு. 2008 ஜூலை 7 அன்று ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய பிறகு, பழைய கடைவீட்டில் ஒரு ஜன்னலை மாற்றவும் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. கைபேசியில் படம் எடுத்து அனுப்பினாலே இப்போது புகார். கொடுப்பவரின் முகம் தெரிவதில்லை.

சமயக் கூட்டம், திருமண விருந்து, சங்கத்தின் பொதுக்கூட்டம் ஆகியவற்றுக்குப் போலீசுக்கு முன்னறிவிப்புத் தேவையில்லை என்று 2012-ஆம் ஆண்டு அமைதிப் பேரணிச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. இதைக் காட்டி, சாலையில் பந்தல் போடவும் கடிதம் வேண்டாம் என்று நம்மில் சிலர் வாதிடுவார்கள். அது வேறு, இது வேறு. சாலை மாநகர் மன்றத்தின் பொறுப்பு. அதை அடைக்க எழுத்தில் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

பொன்விழா விருந்துக்கு இந்த முறை விண்ணப்பம் முன்கூட்டியே போய்விட்டது. கடிதமும் கைக்கு வந்தது. அதன் நகலோடு செயற்குழுவினர் இருவர் சந்தில் வீடு வீடாகப் போனார்கள். அந்த மூதாட்டி இப்போது இல்லை. மகள்தான் கதவைத் திறந்தார். பந்தல் கால் எங்கே வரும் என்று கேட்டார். வாசலுக்கு வெளியே வந்து, சுண்ணாம்பால் கோடு போட்டுக் காட்டினோம். இன்னும் ஓர் அடி தள்ளிப் போடுங்கள் என்றார். தள்ளிப் போட்டோம்.