உறைபனியும் உப்புக் கிளையும்

பண்டைக் கிரேக்கர் பனிக்கட்டியைக் 'கிருஸ்தல்லோஸ்' என்றனர். மலைப்பாறைகளின் இடுக்குகளில் கிடைத்த, ஒளி ஊடுருவும் கல்லையும் அதே பெயரால் அழைத்தனர். மீண்டும் உருகாதபடி கடுங்குளிரில் இறுகிவிட்ட நீரே அக்கல் என்பது அக்கால நம்பிக்கை. முதல் நூற்றாண்டு உரோமை அறிஞர் பிளினியும் தமது 'இயற்கை வரலாறு' நூலில் இதே கருத்தை எழுதிவைத்தார். திருநூலிலும் இவ்விரு பொருள்களின் தடம் உண்டு. 147ஆம் திருப்பாடல், ஆண்டவர் அனுப்பும் பனிக்கட்டியைப் பாடுமிடத்தில், பழைய இலத்தீன் வுல்காத்தா இச்சொல்லையே ஆள்கிறது. திருவெளிப்பாட்டின் இறுதி அதிகாரத்தில் வாழ்வளிக்கும் ஆற்றின் ஒளிக்கு உவமையாவதும் இச்சொல்லே. முன்னது குளிர்ச்சி, பின்னது தெளிவு. ஆயினும் இரண்டிடத்தும் பேசப்படுவது உருவாகி முடிந்த பொருள்தான், உருவாதல் அன்று.

உருவாதலைப் பற்றிப் பேசியவர்களுள் தலையாய இருவர் நம் திருச்சபையின் மக்கள். டென்மார்க்கில் பிறந்து, 1667இல் கத்தோலிக்கராகிய நீல்ஸ் ஸ்டென்சன், 1669இல் புளோரன்சு நகரில் ஒரு சிறுநூலை வெளியிட்டார். பாறைப் படிகம் குளிரால் இறுகுவதன்று. செடியைப்போல் உள்ளிருந்து வளர்வதுமன்று. சூழ்ந்துள்ள நீர்மத்திலிருந்து பொருள் அதன் வெளிமுகங்களில் படிந்து படிந்து பெருகுகிறது என்றார். பின்னாளில் குருவாகி, 1677இல் ஆயருமான இவருக்கு 1988இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அருளாளர் பட்டம் அளித்தார்.

மற்றவர் ரெனே ஜுஸ்ட் அவுயி என்னும் பிரெஞ்சுக் குரு. 1743இல் ஓர் ஏழை நெசவாளரின் மகனாகப் பிறந்தவர். (பார்வையற்ற சிறாருக்குப் பாரிசில் பள்ளி நிறுவிய வாலந்தேன் அவுயி இவருடைய தம்பி, லூயி பிரெயில் பயின்றது அப்பள்ளியில்தான்.) நண்பர் ஒருவர் வீட்டில் சுண்ணாம்புப் படிகம் ஒன்று கைதவறி விழுந்து உடைந்ததாம். சில்லுகளைப் பொறுக்கிய அவுயி, அவை யாவும் ஒரே சாய்சதுர வடிவில் இருக்கக் கண்டு வியந்தார். தம்மிடமிருந்த வேறு படிகங்களையும் தயங்காமல் உடைத்தார். படிகத்தின் புறவடிவம் எதுவாயினும், உள்ளே ஒரே வடிவமுள்ள நுண்ணிய கற்கள் வரிசை தப்பாமல் அடுக்கப்பட்டுள்ளன என்ற முடிவுக்கு அது அவரை இட்டுச்சென்றது.

புரட்சி அரசு கேட்ட உறுதிமொழியை அளிக்க மறுத்ததால் 1792 ஆகஸ்டில் அவர் சிறைப்பட்டார். இருபது வயதான அவருடைய மாணவர் ஜொஃப்ருவா சேன்-இலேர் முயன்று விடுதலை ஆணை பெற்றுவந்தார். ஆணை வந்தபின்னும் அவுயி சிறையைவிட்டுக் கிளம்ப அவசரப்படவில்லையென அவர் வரலாற்றை எழுதியோர் குறிக்கின்றனர். சில நாள்களில், செப்டம்பர் தொடக்கத்தில், அதே இடத்தில் அடைபட்டிருந்த குருக்கள் பலர் கொல்லப்பட்டனர். அந்த மாணவர் சற்றுத் தாமதித்திருந்தால், 1801இல் வெளிவந்த அவுயியின் கனிமவியல் பெருநூல் நமக்குக் கிடைத்திராது. அவருடைய நுண்கற்கள் பின்னர் அணுக்களுக்கு இடம் விட்டன. ஆனால் உள்ளொழுங்கு பற்றிய அவர் கருத்து நிலைத்தது. 1912இல் மியூனிக்கில் லாவேயின் யோசனைப்படி மயில்துத்தப் படிகமொன்றினூடே எக்ஸ் கதிரைச் செலுத்தியபோது, அந்த ஒழுங்கு ஒளிப்படத் தகட்டில் புள்ளிகளாகப் பதிந்தது.

அவுயி 1822இல் பாரிசில் காலமானார். அதே ஆண்டு, அதே நகரில், ஸ்தாந்தாலின் 'காதலைப் பற்றி' என்ற நூல் வெளிவந்தது. மிலானில் மெத்தில்த் என்ற பெண்மணியிடம் தாம் கொண்ட, கைகூடாத அன்பின் வேதனையில் அவர் எழுதியது அது. சால்ஸ்பர்க் நகருக்கு அருகிலுள்ள உப்புச் சுரங்கத்தில், குளிர்காலத்தில் இலையுதிர்ந்த ஒரு கிளையை எறிந்துவிடுகிறார்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து எடுத்தால் சின்னஞ்சிறு குச்சியும் வைரம் பதித்ததுபோல் மின்னுகிறது. பழைய கிளையை அடையாளம் காண முடிவதில்லை. காதலிப்பவன் மனம் காதலிக்கப்படுபவர்மீது செய்வதும் இதுவே என்று சொல்லி, அதற்குப் 'படிகமாதல்' என்றே பெயரிட்டார்.

உவமை மிக நுட்பமானது. மின்னுவது கிளையின் இயல்பன்று, உப்பின் இயல்பு. நூலைச் சுற்றிக் கற்கண்டு விளைவதைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும், நூல் இனிப்பதில்லை. ஆனால் வேதியியலார் இதே செயலை நேர்மாறான நோக்கத்துக்குக் கையாள்கின்றனர். கரைசலிலிருந்து படிகம் வளரும்போது, அடுக்கில் பொருந்தாத அயற்பொருள்கள் பெரும்பாலும் நீரிலேயே தங்கிவிடுவதால், அவர்களுக்குப் படிகமாக்கல் என்பது தூய்மை செய்யும் முறை. ஐரோப்பிய மொழிகளில் ஒருவருடைய எண்ணம் 'படிகமாயிற்று' என்றால், கலங்கியிருந்தது திட்டவட்டமான உருப்பெற்றது என்று பொருள். ஒரே சொல் ஓரிடத்தில் மறைப்பதையும் மற்றோரிடத்தில் தெளிவதையும் சுட்டுகிறது! எனக்கு வேதியியலாரின் பொருளே நெருக்கமானது. எனினும் மெத்தில்த்தை நினைந்து எழுதியவரின் நேர்மையை மறுக்க இயலவில்லை. தம் கண்ணில் மின்னியது தம்முடைய உப்புதான் என்று ஒப்புக்கொள்ள எத்தனை பேருக்கு மனம் வரும்?

தமிழில் சிக்கல் வேறு வகையானது. 'படிகம்' வடமொழி ஸ்படிகத்தின் திரிபு. படிதல் என்னும் வினையோடு அதற்கு உறவில்லை. வள்ளுவர் முகத்துக்கு உவமையாக்கிய பளிங்கும் அருகிலுள்ளதைக் காட்டும் பொருளேயன்றி உருவாகும் பொருளன்று. ஆகவே பிறமொழியில் இச்சொல்லைக் காணும் மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு முறையும் ஆராய்ந்தே எழுத வேண்டியிருக்கிறது. எண்ணத்தைப் பற்றியதாயின் 'தெளிந்து உருப்பெற்றது' என்னலாம். ஸ்தாந்தாலின் நூலில் அப்படி எழுதினால் நூலே தலைகீழாகிவிடும். அங்கே 'உப்புப் பூத்தது' என்றுதான் சொல்லவேண்டும்.