இலக்கும் கருவியும்: அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் வெளியுறவுக் கொள்கைக் கல்வி, 1916–2022

அமெரிக்காவில் பள்ளியிறுதி வகுப்பில் ‘அரசாங்கம்’ என்ற பாடத்தைப் படிக்கும் மாணவர், எப்படியும் வெளியுறவுக் கொள்கை என்ற அத்தியாயத்துக்கு வந்து சேர்கிறார். அந்த அத்தியாயத்தின் கட்டமைப்பு பாடநூலுக்குப் பாடநூல் அதிகம் மாறுவதில்லை. முதலில் இலக்குகள் வரும்: நாட்டின் பாதுகாப்பு, வணிகச் செழிப்பு, உலக அமைதி, ஜனநாயகத்துக்கும் மனித உரிமைக்கும் ஆதரவு. அடுத்து அவற்றை அடைவதற்கான கருவிகள்: தூதரகப் பேச்சுவார்த்தை, உடன்படிக்கை, நிதியுதவி, பொருளாதாரத் தடை, படைபலம், இரகசிய நடவடிக்கை. தேர்வில் கேட்டால் எழுதிவிடலாம்.

பார்ப்பதற்குச் சாதாரணமாகத் தெரியும் இந்த இரண்டு பட்டியல்களுக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக் கால மோதல் இருக்கிறது. கருவிகளைப் பட்டியலிட்டுக் கற்பிப்பதை அமெரிக்கச் சமூகம் பெரிதாக எதிர்த்ததில்லை. எந்த இலக்குக்காக, யார்மீது, என்ன விலை கொடுத்து அந்தக் கருவி எடுக்கப்பட்டது என்று வகுப்பறை கேட்கத் தொடங்கியபோதெல்லாம் தகராறு எழுந்திருக்கிறது. அந்தத் தகராறுகளின் வழியே இக்கல்வியின் வளர்ச்சியைத் தொடர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிரச்சினைகளைப் பாடமாக்கிய அறிக்கை

1916இல் தேசியக் கல்விச் சங்கம் அமைத்த குழு ஒன்று, உயர்நிலைப் பள்ளிகளில் சமூகப் பாடங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று ஓர் அறிக்கை தந்தது. அதைத் தொகுத்தவர் ஆர்தர் வில்லியம் டன். வரலாறு, அரசியல், பொருளாதாரம் என்று துறைவாரியாகப் பிரித்துப் புகட்டுவதைவிட, கடைசி வகுப்பில் ‘ஜனநாயகத்தின் பிரச்சினைகள்’ என்ற ஒரே பாடத்தை வைத்து, மாணவர் காலத்து நிஜப் பிரச்சினைகளை எடுத்து அலச வேண்டும் என்பது அதன் முக்கியப் பரிந்துரை. அறிக்கை வந்த மறு ஆண்டே அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. அயல்நாட்டு விவகாரம் பிள்ளைகளுக்கு எட்டாத சங்கதி என்று ஒதுக்கிவைக்க அதன்பின் முடியவில்லை.

பள்ளிக்கு வெளியிலிருந்தும் ஒரு கை நீண்டது. அதிபர் உட்ரோ வில்சனின் சமாதான முயற்சிகளுக்கு ஆதரவு திரட்ட 1918இல் தொடங்கப்பட்ட அமைப்பு, சில ஆண்டுகளில் வெளியுறவுக் கொள்கைச் சங்கம் என்று பெயர் மாறி, பொதுமக்களுக்கு உலக விவகாரங்களை விளக்கும் வேலையைக் கையில் எடுத்தது. 1920களில் கல்லூரி மாணவர்கள் தேசங்களின் கழகத்தைப் போலவே கூட்டம் கூட்டி, ஆளுக்கொரு நாட்டின் பிரதிநிதியாகப் பேசிப் பழகினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதுவே மாதிரி ஐக்கிய நாடுகள் சபையாகிப் பள்ளிகளுக்கும் பரவியது. சென்னையிலும் கொழும்பிலும் இன்று கோட்டும் டையுமாக மாணவர்கள் கூடும் மாதிரி ஐ.நா. மாநாடுகளின் வேர் அங்கேதான் இருக்கிறது.

அச்சம் வகுத்த பாடத்திட்டம்

பனிப்போர் தொடங்கியதும் நிலைமை இறுகியது. லாஸ் ஏஞ்சலஸ் நகரப் பள்ளிகள் யுனெஸ்கோவைப் பற்றி ஆசிரியர்களுக்கென ஒரு கையேடு வைத்திருந்தன. அது பிள்ளைகளின் நாட்டுப்பற்றைக் கரைத்து உலக அரசாங்கத்துக்கு ஆள் சேர்க்கிறது என்று 1952இல் எதிர்ப்பாளர்கள் கிளம்பினார்கள். கூட்டங்களில் கூச்சல் எழுந்தது. கையேடு திரும்பப் பெறப்பட்டது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் யுனெஸ்கோ திட்டமே கைவிடப்பட்டது. பிற நாடுகளோடு சேர்ந்து செயல்படுவது அமெரிக்காவின் நியாயமான இலக்குகளில் ஒன்றா என்ற கேள்வியைப் பள்ளி வாரியம் ஆராயவில்லை. கேள்வியைக் கிளப்பிய காகிதத்தை அகற்றிவிட்டது.

இதே பத்தாண்டில், அதே மேற்குக் கரையில், இதற்கு நேர்மாறான ஒரு முயற்சியும் முளைத்தது. 1954இல் ஒரிகான் மாநிலத்தின் போர்ட்லாந்தில் வெளியுறவுக் கொள்கைச் சங்கம் ‘மாபெரும் முடிவுகள்’ என்ற கலந்துரையாடல் திட்டத்தைத் தொடங்கியது. ஆண்டுக்கு எட்டுத் தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் பின்னணிக் குறிப்பும், நாட்டின் முன்னுள்ள மாற்று வழிகளும் தரப்படும். அண்டை வீட்டார் ஒரு கூடத்தில் அமர்ந்து படித்து, வாதிட்டு, தங்கள் கருத்தைப் பதிவு செய்வார்கள். வீட்டுக் கூடத்திலிருந்து இது வகுப்பறைக்கும் போனது. கொள்கை என்பது மேலிருந்து அறிவிக்கப்படும் செய்தியல்ல, பல வழிகளுக்கிடையே செய்யப்படும் தேர்வு என்ற எண்ணத்தைச் சாதாரண மக்களிடம் கொண்டுபோனதில் இத்திட்டத்துக்குத் தரவேண்டிய மதிப்பை ஆய்வாளர்கள் போதுமான அளவு தரவில்லை என்பது என் கருத்து.

1961இல் புளோரிடா சட்டமன்றம் எடுத்த வழி வேறு. அங்கே ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியும் ‘அமெரிக்கவாதம் எதிர் கம்யூனிசம்’ என்ற பாடத்தைக் குறைந்தது 30 மணி நேரம் கற்பிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. எந்த ஆசிரியரும், எந்தப் பாடநூலும் கம்யூனிசத்தை அமெரிக்க முறையைவிட மேலானதாகக் காட்டக்கூடாது என்று அச்சட்டமே விதித்தது. இரண்டு அமைப்புகளை ஒப்பிடும் பாடம் என்று பெயர். ஒப்பீட்டின் முடிவோ சட்டப் பிரிவிலேயே எழுதப்பட்டிருந்தது. கியூபாவில் காஸ்ட்ரோ ஆட்சிக்கு வந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. 1961 ஏப்ரலில் கியூபாமீது அமெரிக்கா மறைமுகமாக நடத்திய பன்றிகள் விரிகுடாப் படையெடுப்பு தோற்றிருந்தது. தொண்ணூறு மைல் கடலுக்கு அப்பால் நடந்ததைக் கண்டு புளோரிடா மக்கள் பயந்ததில் வியப்பில்லை. ஆனால் அந்தப் படையெடுப்பு ஏன் தோற்றது, அப்படி ஒரு இரகசிய நடவடிக்கையை எடுத்தது சரிதானா என்று கேட்க அந்த 30 மணி நேரத்தில் மாணவருக்கு வாசல் திறக்கப்படவில்லை.

கற்பனை நாடுகளின் அமைச்சரவை

1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்கக் கல்விக்குக் கூட்டாட்சி அரசின் பணம் வெள்ளமாகப் பாய்ந்தது. முதலில் அறிவியலுக்கும் கணிதத்துக்கும், 1960களில் சமூகப் பாடங்களுக்கும். ‘புதிய சமூகப் பாடங்கள்’ என்று பெயர்பெற்ற இந்த இயக்கத்தில்தான் வெளியுறவுக் கல்வி தன் சிறந்த கருவிகள் சிலவற்றைக் கண்டெடுத்தது.

ஹார்வர்டில் டொனால்ட் ஆலிவரும் ஜேம்ஸ் ஷேவரும் 1966இல் வெளியிட்ட நூல், பொதுப் பிரச்சினை பற்றிய ஒரு சச்சரவை மூன்றாகப் பிரித்துக் காணச் சொன்னது: உண்மை என்ன என்பதில் சச்சரவு, ஒரு சொல்லால் எதைக் குறிக்கிறோம் என்பதில் சச்சரவு, எது நல்லது என்ற விழுமியத்தில் சச்சரவு. வியட்நாமில் குண்டு வீசுவது வடக்கைப் பேச்சுவார்த்தைக்கு இழுத்து வருமா என்பது முதல் வகை. அங்கே நடப்பது ஆக்கிரமிப்பா, உள்நாட்டுப் போரா என்பது இரண்டாவது. தென்வியட்நாமின் விடுதலைக்காகக் கிராமங்கள் எரிவதை ஏற்கலாமா என்பது மூன்றாவது. முதலாவது கருவியைப் பற்றியது. மூன்றாவது இலக்கைப் பற்றியது. இரண்டையும் குழப்பிக்கொண்டு கத்துவதுதான் தொலைக்காட்சி விவாதம். பதினேழு வயதுப் பிள்ளைகளால் இவற்றைப் பிரித்துப் பேச முடியும் என்று நம்பியதில்தான் ஆலிவர் குழுவின் பெருமை இருக்கிறது.

இன்னொரு பக்கம் பாவனை விளையாட்டுகள் வந்தன. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஹெரால்ட் கெட்ஸ்கோ 1950களின் இறுதியில் ஆய்வுக்காக உருவாக்கிய நாடுகளிடைப் பாவனைப் பயிற்சி, 1960களில் பள்ளிகளுக்கான பெட்டியாக விற்பனைக்கு வந்தது. அதைவிடக் கவர்ச்சியானது, வெளியுறவுக் கொள்கைச் சங்கம் உருவாக்கி 1969இல் வெளிவந்த ‘ஆபத்தான இணைகோடு’. மாணவர்கள் கற்பனை நாடுகளின் அமைச்சரவைகளாகப் பிரிவார்கள். எல்லையில் ஒரு நெருக்கடி வெடிக்கும். ஒவ்வொரு அமைச்சரவையும் தனக்குக் கிடைத்த தகவலை வைத்து முடிவெடுக்க வேண்டும். மற்ற நாடுகள் அதற்கு எதிர்வினையாற்றும்.

நாடுகளின் பெயர்தான் கற்பனை. நெருக்கடி 1950ஆம் ஆண்டின் கொரியப் போர். 38ஆம் இணைகோட்டைத் தாண்டி வடக்கே போகலாமா என்ற கேள்வியை அமெரிக்கா அந்த அக்டோபரில் எதிர்கொண்டது, தாண்டியது, அந்த மாத இறுதிக்குள் சீனப் படைகள் போரில் இறங்கின. ஆரம்ப இலக்கு தெற்கை மீட்பது. படைகள் வெல்லத் தொடங்கியதும் இலக்கே கொரியாவை ஒன்றாக்குவதாக விரிந்தது. கருவி கைக்கு வாகாக அமைந்துவிட்டால் இலக்கு தானாக நீளும் என்ற பாடத்தைப் பெயர் மறைத்த நாடுகளைக் கொண்டு, வியட்நாம் எரிந்துகொண்டிருந்த ஆண்டில், மாணவர் முன் வைத்தது சாதாரண காரியமல்ல.

இந்த விளையாட்டுகள் பயன் தந்தனவா? 1966இலேயே கிளியோ செரிஹோம்ஸ் அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார். மாணவரின் ஆர்வம் தெளிவாகக் கூடுகிறது. ஆனால் வழக்கமான கற்பித்தலைவிட அதிகத் தகவலை அவர்கள் கற்கவோ, நினைவில் வைக்கவோ, கூர்மையாக ஆராயவோ செய்ததற்குச் சான்றில்லை என்பது அவர் கண்ட முடிவு. இதை வைத்து விளையாட்டுகளைத் தள்ளிவிடுவது அவசரம். அன்றைய அளவைகள் பெரும்பாலும் தகவலறிவையே சோதித்தன. விளையாடி முடித்தபின் நடக்கும் அலசலில்தான் கல்வி இருக்கிறது; மணி அடிப்பதற்குள் அதற்கு நேரம் ஒதுக்கிய வகுப்பையும் ஒதுக்காத வகுப்பையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

1975இல் ‘மனிதன்: ஒரு கற்கை’ என்ற தொடக்கநிலைப் பாடத்திட்டத்துக்கு எதிராக காங்கிரஸில் எழுந்த எதிர்ப்பு, பாடத்திட்டங்களுக்கு வந்த கூட்டாட்சிப் பணத்துக்குக் கடிவாளம் போட்டது. ‘புதிய சமூகப் பாடங்கள்’ இயக்கம் வாடியது.

அணு ஆயுதமும் கியூபாவும்

1983இல் தேசியக் கல்விச் சங்கமும் அக்கறையுள்ள விஞ்ஞானிகள் சங்கமும் சேர்ந்து, போரையும் அணு ஆயுதத்தையும் பற்றிய ‘தேர்வுகள்’ என்ற பாடத்தொகுதியை வெளியிட்டன. அதிபர் ரீகன் வெளிப்படையாகவே அதைக் கண்டித்தார். பிள்ளைகளை அச்சுறுத்தி ஒரு பக்கம் சாய்க்கிறது என்பது குற்றச்சாட்டு. பாடத்தொகுதியில் சாய்வு இருந்ததை மறுக்கத் தேவையில்லை. ஆனால் அணு ஆயுதக் குவிப்பு என்ற கருவி பாதுகாப்பு என்ற இலக்குக்கு உதவுகிறதா என்று கேட்பதையே பிரச்சாரமாகக் கருதியவர்கள், புளோரிடாவின் 1961 சட்டத்தைப் பிரச்சாரம் என்று சொன்னதாகத் தெரியவில்லை.

அந்தப் பத்தாண்டின் இறுதியில் பிரவுன் பல்கலைக்கழகத்தின் வெளியுறவுக் கொள்கை மேம்பாட்டு மையத்தில் சூசன் கிரேசெக் தலைமையில் உருவான திட்டமும் ‘தேர்வுகள்’ என்றே பெயர் வைத்துக்கொண்டது. மையத்தைத் தொடங்கியவர் ஐபிஎம் நிறுவனத்தின் முன்னாள் தலைவரும் மாஸ்கோவில் தூதராக இருந்தவருமான தாமஸ் வாட்சன். இத்திட்டத்தின் உத்தி எளிமையானது. ஒரு வரலாற்றுத் தருணத்தைப் பின்னணியோடு விளக்கி, அன்று ஆட்சியாளர் முன்னிருந்த மூன்று நான்கு வழிகளை முழு வலிமையோடு எழுதித் தருவார்கள். வகுப்பு குழுக்களாகப் பிரிந்து ஒவ்வொரு வழிக்காகவும் வாதிடும். இறுதியில் ஒவ்வொரு மாணவரும் தன் சொந்த வழியை எழுத வேண்டும்.

கியூப ஏவுகணை நெருக்கடி இதற்கு வாகான களம். 1962 அக்டோபர் 16 அன்று அதிபர் கென்னடியின் ஆலோசகர்கள் கூடினார்கள். அவர்கள் முன்னிருந்த வழிகள்: வான் தாக்குதல், படையெடுப்பு, கடற்படை முற்றுகை, பேச்சுவார்த்தை. 22ஆம் தேதி கென்னடி முற்றுகையை அறிவித்தார். 28ஆம் தேதி சோவியத் தலைவர் குருஷேவ் ஏவுகணைகளை அகற்றச் சம்மதித்தார். இதை நெடுங்காலம் பாடநூல்கள் உறுதியின் வெற்றியாகவே சொல்லிவந்தன. ஆனால் துருக்கியில் இருந்த அமெரிக்க ஜுப்பிட்டர் ஏவுகணைகளை அகற்றுவதாக 27ஆம் தேதி இரவு அதிபரின் தம்பி இராபர்ட் கென்னடி சோவியத் தூதருக்கு இரகசியமாக உறுதியளித்தார். கென்னடியின் ஆலோசகர் தியடோர் சோரன்சன், இராபர்ட்டின் நினைவுநூலைப் பதிப்பித்தபோது அந்தச் செய்தியை மழுப்பியதை 1989இல் இந்த நெருக்கடி பற்றிய மாஸ்கோ மாநாட்டில்தான் ஒப்புக்கொண்டார். 1992இல் ஹவானாவில் நடந்த மாநாட்டில், நெருக்கடியின்போது கியூபாவில் போர்க்கள அணு ஆயுதங்களும் இருந்தன என்று சோவியத் தளபதி ஒருவர் சொல்லக் கேட்டு, கென்னடியின் பாதுகாப்புச் செயலராக இருந்த மக்நமாரா அதிர்ந்தார். படையெடுப்பைத் தேர்ந்திருந்தால் கரையிறங்கும் வீரர்களை அவை சந்தித்திருக்கும்.

அதாவது 1970இல் இதைப் படித்த மாணவர் கற்ற பாடமும் 1995இல் படித்தவர் கற்ற பாடமும் ஒன்றல்ல. முன்னவர் மிரட்டலின் பலனைக் கற்றார். பின்னவர் மிரட்டலும் விட்டுக்கொடுத்தலும் கலந்த பேரத்தையும், தகவலில்லாமல் முடிவெடுப்பதன் பயங்கரத்தையும் கற்றார். ஆவணங்கள் திறக்கத் திறக்கக் கருவிகளின் வரலாறே மாறியது.

99–1

1994இல் இரண்டு தேசியத் தரநிலைகள் வெளிவந்தன. குடிமையியல் தரநிலை, அமெரிக்கா பிற நாடுகளோடு கொண்ட உறவுக்கு ஒரு தனிப் பகுதியே ஒதுக்கி, இராணுவத் தலையீடு, இரகசிய நடவடிக்கை உட்பட எல்லாக் கருவிகளையும் வரிசைப்படுத்தியது. பெரிய எதிர்ப்பு எழவில்லை. வரலாற்றுத் தரநிலையோ தேசத்தை இருட்டாகக் காட்டுகிறது என்று தூற்றப்பட்டது. 1995 ஜனவரியில் செனட் 99–1 என்ற வாக்கில் அதைக் கண்டித்தது. இந்த இணையை ஆய்வாளர்கள் சேர்த்துப் பார்க்க வேண்டும். ‘இரகசிய நடவடிக்கை’ என்று பட்டியலில் எழுதினால் அது வெறும் கலைச்சொல். 1953இல் ஈரானில், 1954இல் குவாதமாலாவில் ஆட்சியைக் கவிழ்த்தது என்று எழுதினால், ஜனநாயகத்துக்கு ஆதரவு என்று முதல் பட்டியலில் இருந்த இலக்கு கேள்விக்குள்ளாகிறது.

அதன்பின் சறுக்கல்தான் அதிகம். தேசிய மதிப்பீட்டுத் தேர்வு பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களைக் குடிமையியலில் 2010க்குப் பிறகு சோதிக்கவே இல்லை. 2014, 2018, 2022 ஆண்டுகளில் எட்டாம் வகுப்போடு நின்றுகொண்டது. 2022 மே மாதம் புளோரிடா, கம்யூனிசத்தால் பாதிக்கப்பட்டோர் நாளான நவம்பர் 7இல் உயர்நிலைப் பள்ளி அரசாங்கப் பாடத்தில் குறைந்தது 45 நிமிடம் ஸ்டாலின், மாவோ, பொல் பொட், காஸ்ட்ரோ ஆட்சிகளின் கொடுமைகளைக் கற்பிக்க வேண்டும் என்று சட்டம் இயற்றியது. அந்தக் கொடுமைகள் உண்மை. அவற்றைப் பிள்ளைகள் அறியத்தான் வேண்டும். ஆனால் கியூபாமீது அமெரிக்கா 1962 பிப்ரவரியில் விதித்த வணிகத் தடை அறுபது ஆண்டுகளைத் தாண்டியும் நீடிக்கிறது. அதை நீக்கக் கோரி ஐ.நா. பொதுச் சபை 1992 முதல் தீர்மானங்கள் நிறைவேற்றி வருகிறது. ஹவானாவிலிருந்து தப்பி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் மயாமி வகுப்பறைகளில் அமர்ந்திருக்கிறார்கள். அந்தத் தடை எந்த இலக்குக்காகத் தொடங்கியது, அதை எட்டியதா, பணம் அனுப்பும் உறவினர்களையும் பெற்றுக்கொள்ளும் குடும்பங்களையும் என்ன செய்தது என்று விவாதிக்க அவர்களைவிடத் தகுதியான மாணவர்கள் அமெரிக்காவில் வேறெங்கும் இல்லை. அந்த விவாதத்துக்கு 45 நிமிடம் ஒதுக்கச் சட்டம் எதுவும் சொல்லவில்லை.