கே. ஆர். சீனிவாச ஐயங்கார்

கோடகநல்லூர் ராமசாமி சீனிவாச ஐயங்கார் (1908 – 1999) தமிழ்நாட்டைச் சேர்ந்த ஆங்கில இலக்கியப் பேராசிரியர், திறனாய்வாளர், மொழிபெயர்ப்பாளர். ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் பணியாற்றியவர். இந்தியர்கள் ஆங்கிலத்தில் எழுதிய இலக்கியத்தைத் தனித்த ஆய்வுத் துறையாக நிலைநிறுத்திய முன்னோடிகளுள் ஒருவராக அறியப்படுகிறார்.

கல்விப்பணி

பெல்காமிலும் பாகல்கோட்டிலும் உள்ள கல்லூரிகளில் ஆங்கிலம் கற்பித்தார். பின்னர் 1947 இல் விசாகப்பட்டினத்தில் உள்ள ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலத் துறையில் பொறுப்பேற்றார். 1966 முதல் 1968 வரை அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். சாகித்திய அகாதமியின் துணைத்தலைவராக இருந்த இவர், தலைவர் சுநீதி குமார் சாட்டர்ஜி 1977 இல் மறைந்ததையடுத்து 1978 வரை தலைமைப் பொறுப்பை வகித்தார்.

இந்திய ஆங்கில இலக்கியம்

அக்காலத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆங்கிலப் பாடத்திட்டம் பெரும்பாலும் பிரித்தானிய எழுத்தாளர்களைக் கொண்டே அமைந்திருந்தது. "ஆங்கிலோ-இந்திய இலக்கியம்" என்ற பெயர் இந்தியாவைப் பற்றி ஆங்கிலேயர் எழுதியவற்றைக் குறித்தது. இந்தியரின் படைப்புகளை இதிலிருந்து வேறுபடுத்த, "இந்தோ-ஆங்கிலியன்" என்ற சொல்லைச் சீனிவாச ஐயங்கார் தம் நூல்களில் பயன்படுத்திப் பரவச் செய்தார். 1943 இலும் 1945 இலும் இப்பொருள் குறித்து இரு நூல்களை வெளியிட்டார்.

1959 இல் இங்கிலாந்தின் லீட்சு பல்கலைக்கழகத்தில் இவர் ஆற்றிய விரிவுரைகளிலிருந்து உருவானதே "இந்தியன் ரைட்டிங் இன் இங்கிலிஷ்" (1962) என்னும் நூல். ராம்மோகன் ராய், தோரு தத், சரோஜினி நாயுடு ஆகியோரையும், புதின ஆசிரியர்களான முல்க் ராஜ் ஆனந்த், ஆர். கே. நாராயண், ராஜா ராவ் ஆகியோரையும் இந்நூல் ஒரே வரலாற்றுத் தொடர்ச்சியில் வைத்து ஆராய்கிறது. காந்தி, நேரு ஆகியோரின் உரைநடையையும் இலக்கியமாகவே கருதுகிறது. பின்னர் திருத்திய பதிப்புகளாகவும் வெளிவந்த இந்நூல், இத்துறை மாணவர்களுக்கு அடிப்படை நூலாயிற்று.

அரவிந்தர் ஈடுபாடு

சிறீ அரவிந்தரின் வாழ்க்கை வரலாற்றை 1945 இல் வெளியிட்டார். அதன் கையெழுத்துப்படியை அரவிந்தரே படித்துத் திருத்தங்கள் செய்தார். அரவிந்தரின் கவிதையை 1950களின் இறுதியில் பு. லால் முதலிய இளம் கவிஞர்கள் கடுமையாக மறுத்தனர். ஆனால் சீனிவாச ஐயங்கார் தம் இலக்கிய வரலாற்றில் அரவிந்தருக்கு முதன்மையான இடம் அளித்தார். இந்திய ஆங்கிலக் கவிதை எத்தகையதாக இருக்கவேண்டும் என்பதில் இருந்த கருத்து வேறுபாட்டை இது காட்டுகிறது.

பிற நூல்கள்

செரார்ட் மான்லி ஆப்கின்சு பற்றியும் (1948) சேக்சுபியர் பற்றியும் (1964) நூல்கள் எழுதியுள்ளார். வால்மீகி இராமாயணத்தின் சுந்தர காண்டத்தையும், திருக்குறளையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். சீதையை மையமாகக் கொண்ட "சீதாயணம்" (1987) என்னும் ஆங்கிலக் காவியத்தையும் இயற்றினார். எழுத்தாளர் பிரேமா நந்தகுமார் இவருடைய மகள்.

விருதுகள்

* சாகித்திய அகாதமி விருது, 1980 (புதுச்சேரி அன்னையின் வாழ்க்கை வரலாற்று நூலுக்காக)
* சாகித்திய அகாதமி பெல்லோஷிப், 1985