மூச்சு மறைக்கும் கண்ணாடி: ஒரு சின்னப் பிரச்சனையின் பெரிய வரலாறு

பி.காம் படிக்கிற ஆளுக்கும் வெல்டிங் ஹெல்மெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். போன பதிவில் நாணயங்களைப் பற்றி எழுதியபோதும் இதே கேள்விதான் வந்தது :) கண்ணில் பட்டதை எல்லாம் தோண்டிப் பார்ப்பதுதானே இந்தப் பக்கத்தின் வேலை.

விஷயம் இதுதான். குளிர்ப் பிரதேசங்களில் வெல்டிங் செய்பவர்களுக்கு ஒரு தீராத தலைவலி உண்டு. ஹெல்மெட்டைக் கீழே இறக்கியதும் அவர்களுடைய மூச்சே கண்ணாடியின் உள்பக்கம் ஆவியாகப் படிந்துவிடும். எதிரில் இருக்கும் இணைப்பு தெரியாது. தெரியாமல் பற்றவைத்தால் வேலை கெடும். தெரியவேண்டும் என்று ஹெல்மெட்டைத் தூக்கினால் ஆர்க் வெளிச்சத்தின் புற ஊதாக் கதிர் கண்ணில் அடிக்கும். சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தும், ராத்திரி தூங்க முடியாது.

"துடைத்துக்கொண்டு வேலையைப் பார்க்க வேண்டியதுதானே" என்று தோன்றும். ஆனால் இந்தச் சின்ன விஷயத்தோடு போர்க்களத்தில் சிப்பாய்கள் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். விண்வெளியில் ஒருவர் கிட்டத்தட்டக் குருடாகவே ஆகிப் போராடியிருக்கிறார். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் கொஞ்சம் அறிவியல்

பயப்படாதீர்கள், சுருக்கமாக முடித்துவிடுகிறேன். சூடான காற்று நிறைய நீராவியைத் தாங்கும், குளிர்ந்த காற்று கொஞ்சம்தான் தாங்கும். 35 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 40 கிராம் நீராவி இருக்க முடியும். 0 டிகிரியில் 5 கிராம்கூட இருக்க முடியாது. நம் மூச்சு கிட்டத்தட்ட உடல் சூட்டில், ஈரம் நிறைந்து வெளியே வருகிறது. அது சில்லென்ற கண்ணாடியில் பட்டதும், தாங்க முடியாத மிச்ச ஈரத்தை அங்கேயே இறக்கி வைத்துவிட்டுப் போகிறது.

இறங்கும் தண்ணீர் சமமாகப் பரவினால் பிரச்சனையே இல்லை, அதன் வழியே பார்க்கலாம். ஆனால் அது ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டித் துளிகளாக நிற்கிறது. ஒவ்வொரு துளியும் வெளிச்சத்தை ஒவ்வொரு பக்கமாகச் சிதறடிக்கிறது. அதனால்தான் கண்ணாடி வெள்ளையாக மங்கிப்போகிறது.

ஆக, தப்பிக்க மூன்றே வழி. ஒன்று, துளி நிற்காமல் பரவும்படி கண்ணாடியில் எதையாவது பூசுவது. இரண்டு, கண்ணாடியைச் சூடாக வைத்துக்கொள்வது. மூன்று, ஈரக் காற்று கண்ணாடி பக்கமே வராமல் பார்த்துக்கொள்வது. இனி வரும் எல்லாக் கதைகளும் இந்த மூன்றுக்குள்ளேயே சுற்றும்.

1915: விஷப் புகையும் முகமூடியும்

1915 ஏப்ரல் 22. பெல்ஜியத்தில் ஈப்ர் என்ற ஊருக்கு அருகே ஜெர்மன் படை ஆயிரக்கணக்கான சிலிண்டர்களைத் திறந்து குளோரின் வாயுவை நேச நாட்டுப் பதுங்குகுழிகளை நோக்கி விட்டது. அங்கே இருந்தவர்களிடம் முகமூடி கிடையாது. அதற்குப் பிறகு அவசர அவசரமாக முகமூடிகள் வந்தன. முதலில் ரசாயனத்தில் நனைத்த பஞ்சு. அப்புறம் ரசாயனத்தில் ஊறவைத்து, கண்ணுக்கு மட்டும் ஜன்னல் வைத்த துணிப்பை. அதைத் தலை வழியாக மாட்டிக்கொள்ள வேண்டும். பைக்குள் மூச்சு விட்டால் ஜன்னல் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

1916இல் பிரிட்டிஷ் படைக்கு 'ஸ்மால் பாக்ஸ் ரெஸ்பிரேட்டர்' என்ற முகமூடி வந்தது. எட்வர்ட் ஹாரிசன் என்ற வேதியியலாளருக்கு இதில் பெரும் பங்கு உண்டு. இதில் மூக்குக்கு ஒரு கிளிப், வாய்க்கு ஒரு ரப்பர் குழாய். மூச்சு முழுவதும் வாய் வழியாகக் குழாயில் போய்க் குழாயிலேயே திரும்பும். விடும் மூச்சு கண்ணாடி பக்கமே வராது. மூன்றாவது வழி! ஆனால் விலை என்ன? மணிக்கணக்கில் மூக்கை இறுக்கி, வாயில் ரப்பரைக் கடித்துக்கொண்டு, எச்சில் ஒழுக நிற்கவேண்டும். அப்படியும் முகத்தின் வியர்வை ஆவியாகிக் கண்ணாடியை மறைக்கும். அதற்காக மங்கல் தடுப்புப் பூச்சு ஒன்றையும் கொடுத்தார்கள். எடுத்துத் தேய்த்துத் துடைத்துக்கொள்ள வேண்டியது சிப்பாயின் பொறுப்பு.

ஜெர்மானியர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். ஜெலட்டின் பூசிய மெல்லிய ஒளி ஊடுருவும் வில்லைகளைக் கண்ணாடியின் உள்ளே செருகினார்கள். ஜெலட்டின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், துளி நிற்காது. உறிஞ்சி முடித்த வில்லையைக் கழற்றிவிட்டுப் புதிதாகப் போடவேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது பிரெஞ்சுக்காரர் டிசோ செய்த காரியம்தான். ஜூல் டிசோ பாரிஸின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பணியாற்றிய விஞ்ஞானி. அவருடைய முகமூடியில் வடிகட்டி வழியாக உள்ளே வரும் காற்று நேராக மூக்குக்குப் போகாது. இரண்டாகப் பிரிந்து, முதலில் இரண்டு கண்ணாடிகளின் மேலும் வீசிவிட்டு அப்புறம்தான் மூக்குக்கு வரும். வெளிக்காற்று மூச்சைவிட உலர்ந்தது. ஒவ்வொரு முறை மூச்சை இழுக்கும்போதும் கண்ணாடி தானாகத் துடைக்கப்படுகிறது! கிளிப் வேண்டாம், ரப்பரைக் கடிக்க வேண்டாம், பூச்சை நம்பியிருக்க வேண்டாம்.

டிசோவின் கருவி கனமானது, ஓடியாடும் காலாட்படைக்குச் சரிப்படவில்லை. பீரங்கிப் படையினர் போல ஒரே இடத்தில் நின்று வேலை செய்பவர்களுக்குத்தான் அதிகம் பயன்பட்டது. ஆனால் அந்த யோசனை நிலைத்துவிட்டது. அமெரிக்கர்கள் 1918இலேயே அதைத் தங்கள் முகமூடிகளில் புகுத்தத் தொடங்கினார்கள். போருக்குப் பிறகு அவர்கள் செய்த முகமூடிகளில் அதுவே வழக்கமானது.

இதில் உயிர்ப் பிரச்சனை எங்கே என்கிறீர்களா? 1917 ஜூலையில் மஸ்டர்ட் கேஸ் வந்தது. அது கண்ணையும் தோலையும் தாக்கும். கண்ணாடி மங்கியவனுக்கு முன்னால் இரண்டே வழி: எதிரியைப் பார்க்காமல் நிற்பது, அல்லது முகமூடியைக் கழற்றுவது. ஹெல்மெட்டைத் தூக்கலாமா என்று யோசிக்கும் வெல்டரின் அதே நிலைமை, இன்னும் பயங்கரமாக.

1966: மூக்கால் துடைத்த விண்வெளி வீரர்

அடுத்து ஒரு பெரிய தாண்டல். 1966 ஜூன் 5. பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது ஜெமினி 9ஏ. உள்ளே டாம் ஸ்டாஃபோர்ட். கதவைத் திறந்து வெளியே வருகிறார் யூஜின் செர்னன். அதற்கு முன் விண்வெளியில் 'நடந்தவர்கள்' இரண்டே பேர்தான்: ரஷ்யாவின் லியோனவ், அமெரிக்காவின் எட் ஒயிட். இருவரும் வெளியே கொஞ்ச நேரம் மிதந்துவிட்டுத் திரும்பியவர்கள். செர்னனுக்கு நிஜமான வேலை கொடுக்கப்பட்டிருந்தது. விண்கலத்தின் பின்பக்கம் போய், அங்கே இருக்கும் ஜெட் பொருத்திய முதுகுப்பையை மாட்டிக்கொண்டு பறக்கவேண்டும்.

போனார். ஆனால் பிடித்துக்கொள்ளச் சரியான பிடி இல்லை, கால் ஊன்றச் சரியான இடம் இல்லை. எடையற்ற நிலையில் ஒரு திருகைத் திருகினால் திருகு அசைவதற்குப் பதில் ஆள் சுற்றிப்போகிறார். காற்று அடைத்த உடை டயர் மாதிரி விறைத்து நிற்கிறது, கையை மடக்குவதே ஒரு வேலை. இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 180 வரை எகிறியது. உடைக்குள் வீசிய ஆக்சிஜனால் அந்தச் சூட்டையும் வியர்வையையும் சமாளிக்க முடியவில்லை. முகத்துக்கு முன்னால் இருந்த வைசர் முழுவதும் மங்கிவிட்டது.

கையால் துடைக்க முடியாது, கை வெளியே இருக்கிறது. மூக்கை வைசரில் தேய்த்துத் தேய்த்து ஒரு சின்ன ஓட்டை மாதிரி சுத்தம் செய்து அதன் வழியே பார்த்தார். அது போதவில்லை. ஸ்டாஃபோர்ட் திட்டத்தை ரத்து செய்து திரும்பி வரச் சொன்னார். 2 மணி நேரத்துக்கும் மேல் வெளியே இருந்த செர்னன் ஏறக்குறைய எதுவும் தெரியாமல் தடவித் தடவி உள்ளே வந்து சேர்ந்தார். முதுகுப்பை பறக்கவே இல்லை.

நாசா இதற்கு என்ன செய்தது? அடுத்து வந்த பயணங்களில் வெளியே போவதற்கு முன் வைசரின் உள்பக்கம் மங்கல் தடுப்புக் கரைசலைத் தடவ வைத்தார்கள். இது முதல் வழி, பூச்சு.

ஆனால் கதையின் சுவாரஸ்யமே இனிமேல்தான். அதே 1966 நவம்பரில் ஜெமினி 12இல் பஸ் ஆல்ட்ரின் வெளியே போனார். அவருக்கு இந்தச் சிக்கல் வரவில்லை. ஏன்? பிடித்துக்கொள்ளக் கைப்பிடிகள் வைத்தார்கள், கால் நுழைக்க இடம் செய்தார்கள், நடுநடுவே ஓய்வு கொடுத்தார்கள். பால்டிமோர் அருகே ஒரு பள்ளியின் நீச்சல் குளத்தில் தண்ணீருக்கு அடியில் ஒத்திகையும் பார்த்தார்கள். உழைப்பு குறைந்தது, வியர்வை குறைந்தது. மங்கிய கண்ணாடிக்கான மருந்து கண்ணாடியில் இல்லை, கைப்பிடியில் இருந்தது! பிறகு அப்பல்லோ வீரர்களுக்கு உடலை ஒட்டித் தண்ணீர்க் குழாய்கள் ஓடும் உள்ளாடை வந்தது. 1972 டிசம்பரில் அதைப் போட்டுக்கொண்டு நிலவில் நடந்தவர்களில் ஒருவர் அதே செர்னன்தான். நிலவை விட்டுக் கடைசியாகக் கிளம்பிய மனிதரும் அவரே.

2001: மருந்தே வினையானபோது

பூச்சுக் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. 2001 ஏப்ரல் 22. (தேதியைக் கவனித்தீர்களா? ஈப்ர் தாக்குதல் நடந்த அதே நாள், 86 வருடம் கழித்து.) கனடாவின் கிறிஸ் ஹாட்ஃபீல்ட் சர்வதேச விண்வெளி நிலையத்தில் ரோபோக் கை ஒன்றைப் பொருத்திக்கொண்டிருந்தார். திடீரென்று ஒரு கண் எரிந்து மூடிக்கொண்டது. கண்ணீர் வந்தது, ஆனால் எடையற்ற நிலையில் கண்ணீர் கீழே வழியாது. கண்ணிலேயே குமிழாகத் திரண்டு அடுத்த கண்ணுக்கும் பரவியது. இரண்டு கண்ணும் தெரியவில்லை. கடைசியில் கண்ணீர் போதிய அளவு பெருகி எரிச்சலைக் கரைத்த பிறகுதான் பார்வை திரும்பியது. வேலையையும் முடித்தார்.

காரணம், வைசரில் மங்காமல் இருக்கத் தடவிய சோப்பும் எண்ணெயும் கலந்த கரைசல்! பிறகு கண் எரிக்காத, குழந்தைகளுக்கான ஷாம்பு வகைக்கு மாறிவிட்டதாக அவரே மேடையில் சொல்லியிருக்கிறார்.

மீண்டும் வெல்டிங் பட்டறைக்கு

குளிர் நாட்டு வெல்டர்கள் இன்று செய்வதைப் பார்த்தால் இந்த வரலாறு முழுவதும் அங்கே இருக்கிறது. தண்ணீர் கலந்த சோப்பையோ குழந்தை ஷாம்புவையோ தெளிவான பாதுகாப்புக் கண்ணாடியின் உள்பக்கம் தடவி மெல்லத் துடைத்து விடுகிறார்கள். இது முதல் வழி. வேலை இல்லாத நேரத்தில் ஹெல்மெட்டைக் குளிரில் போடாமல் சூடான இடத்தில் வைக்கிறார்கள். இது இரண்டாவது. 1965இல் அமெரிக்காவில் பாப் ஸ்மித் என்ற பல் மருத்துவர் பனிச்சறுக்குக் கண்ணாடிக்கு இரட்டைக் கண்ணாடியும் காற்றுப் போகும் நுரைப்பஞ்சும் வைத்தாரே, அதுவும் இதே ஜாதிதான். நடுவே அடைபட்ட காற்று உள்கண்ணாடியைக் குளிரவிடாது.

மூன்றாவதுதான் டிசோ வழி. இடுப்பில் கட்டிய பேட்டரி விசிறி காற்றை வடிகட்டி, ஹெல்மெட்டுக்குள் முகத்தின் மேலாக வீசுகிற கருவிகள் இப்போது இருக்கின்றன. வெல்டிங் புகை நுரையீரலுக்குப் போகாமல் இருக்கத்தான் அவை முக்கியம். கண்ணாடி மங்காமல் இருப்பது கூடுதல் லாபம்.

இங்கேதான் என் பாடப்புத்தகம் குறுக்கே வருகிறது. மாறும் செலவு, நிலையான செலவு என்று காஸ்டிங் வகுப்பில் படிப்போமே, அதை இங்கே பொருத்திப் பாருங்கள். பூச்சு மாறும் செலவு. விலை குறைவு, ஆனால் தினமும் தடவவேண்டும். தடவ மறந்தாலோ, பூச்சு கண்ணில் பட்டாலோ அனுபவிப்பது தொழிலாளி. டிசோவின் குழாயும் ஆல்ட்ரினின் கைப்பிடியும் நிலையான செலவு. ஒரு தடவை யோசித்துச் செய்துவிட்டால் அதன்பிறகு யாரும் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. பொறுப்பு செய்தவனிடம் நின்றுவிடுகிறது, பயன்படுத்துபவன் தலையில் ஏறுவதில்லை.

விலைப்பட்டியலில் முதலாவது எப்போதும் மலிவாகத் தெரியும். கெட்டுப்போன இணைப்பும், கண்ணெரிச்சலோடு தூங்காத ராத்திரியும் அந்தப் பட்டியலில் வராது, அதனால்தான். அந்தக் கணக்கை யார் எழுதுவது என்பதுதான் என் கேள்வி.

உங்களில் யாராவது குளிர் நாட்டில் பட்டறை வேலை பார்த்திருந்தால், அங்கே உண்மையில் எந்த வழி பலிக்கிறது என்று பின்னூட்டத்தில் சொல்லுங்கள். அடுத்த பதிவில் சந்திப்போம்.