பிளந்த அம்மியின் வரலாறு

யாழ்ப்பாணத்து வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன நல்லூர் மன்னரும், 1619இல் அவர்தம் ஆட்சியைக் கவிழ்த்த போர்த்துக்கேயரும், 1658இல் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தருமே. பாடநூல்கள் அவ்வாறே கற்பிக்கின்றன. நாமும் ஆசிரியர் என்ற முறையில் அவ்வாறே கற்பித்து வருகின்றோம். ஆயின் அம்மன்னர் காலத்திலும் அதன் பின்னரும் நாள்தோறும் கல்லோடு கல்லை உராய்ந்து இத்தீபகற்பத்துக்கு உணவளித்த பெண்களின் வரலாறு எந்த ஏட்டில் உள்ளது? சாவகச்சேரியில் எமது வீட்டுக் குசினியின் பின்பத்தியில் கிடக்கும் பிளந்த அம்மி ஒன்றே இக்கேள்வியை எம்முள் எழுப்பியது. அதனைத் திருத்தி வைத்த கதையைச் சொல்லப் புகுந்தால், அது எங்கெங்கோ இழுத்துச் செல்கின்றது.

முதலில் கல்லைப் பற்றிச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத் தீபகற்பம் முழுவதும் மயோசீன் காலத்துச் சுண்ணக்கல்லின் மீது அமைந்தது. கிணறு வெட்டுவோர் செம்மண்ணைக் கடந்ததும் சந்திப்பது அக்கல்லையே. நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் அக்கல்லை நீர் கரைத்ததனால் உண்டானவை. எமது முன்னோர் வீடு கட்டினர், மதில் எழுப்பினர், சுண்ணாம்பு சுட்டனர். எல்லாம் சுண்ணக்கல்லும் முருகைக்கல்லுமே. கந்தரோடையில் இன்றும் காணப்படும் சிறு தூபிகளும் அவ்வகைக் கல்லால் ஆனவையே. 1950இல் காங்கேசன்துறையில் எழுந்த சீமெந்துத் தொழிற்சாலையும் இக்கல்லை நம்பி எழுந்ததுதான்.

இத்துணைக் கல் இருந்தும் ஓர் அம்மி செய்ய இங்கே கல் இல்லை. சுண்ணக்கல்லின் கனிமமான கல்சைற்றின் வன்மை பத்தில் மூன்று. கருங்கல்லில் உள்ள பளிங்குமணிகளின் வன்மை ஏழு. சுண்ணக்கல்லில் மிளகாயையும் மல்லியையும் வைத்து இழுத்தால் கறியோடு கல்லும் அரைபடும். புளி பட்டால் அதன் அமிலம் கல்லை அரிக்கும். எனவே யாழ்ப்பாணத்து அம்மி, ஆட்டுக்கல், திரிகை ஆகிய மூன்றும் ஆனையிறவுக்கு அப்பாலுள்ள பெருநிலத்திலிருந்தோ கடலுக்கு அப்பாலுள்ள தமிழகத்திலிருந்தோ தோணியிலும் வண்டியிலும் வந்தேயாகவேண்டும். நெல் குற்றவும் மா இடிக்கவும் நமது மூதாட்டியர் மர உரலைப் பெரிதும் கையாண்டமைக்கு இதுவும் ஒரு காரணம் என்றே கருதுகின்றோம். மரம் இங்கே வளர்ந்தது, கல் வளரவில்லை.

அரைக்குங் கல் அயலிலிருந்து வருவது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதன்று. பத்துப்பாட்டில் ஒன்றாகிய நெடுநல்வாடையில் நக்கீரர், கூதிர்க் காலக் குளிரில் சந்தனம் அரைப்பார் இன்றிக் கிடக்கும் வட்டக்கல்லைக் காட்டுகின்றார். அந்தக் கல் வடவர் கொணர்ந்தது. அதில் அரைபடும் சந்தனமோ தென்றிசைக்குரியது. மலைகள் சூழ்ந்த பாண்டி நாட்டு அரண்மனைக்கே வெளிநாட்டுக் கல் வந்ததெனில், மலையே காணாத வலிகாமத்துக்கும் தென்மராட்சிக்கும் வந்ததில் வியப்பென்ன? வேறுபாடு ஒன்றுதான். அரண்மனைக் கல் குளிர்காலத்தில் ஓய்வு கொண்டது. ஏழை வீட்டு அம்மிக்கு மாரியென்றும் கோடையென்றும் இல்லை.

அம்மியின் வயது மிகப் பெரியது. மொகஞ்சதாரோவில் அகழ்ந்தோர் அடி குவிந்த அரைகற்களைப் பெருந்தொகையாகக் கண்டனர். முன்னும் பின்னும் உருட்டி அரைக்கும் வகை ஒன்று. குத்தி நசுக்கும் வகை மற்றொன்று. பின்னதைக் கறிச்சரக்குக்கு உரியதென அகழ்வாளர் மக்கே கருதினார். நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அக்கருவியின் வடிவம் பெரிதும் மாறவில்லை என்பதைச் சிலர் பெருமையாகப் பேசுவர். எமக்கோ அதில் வேறொன்று தெரிகின்றது. கலப்பை மாறியது, கப்பல் மாறியது, போர்க்கருவி ஆண்டுக்கு ஆண்டு மாறியது. பெண்ணின் கையில் இருந்த கருவி மட்டும் மாறாமல் விடப்பட்டது. மணவறையில் மணமகளின் காலை எடுத்து அம்மிமீது வைத்துக் கல்லைப்போல் உறுதியாய் இரு என்கின்றோம். மறுநாள் அதே கல்லின் முன் அவளைக் குந்த வைக்கின்றோம்.

அம்மி நாளடைவில் மழுங்கும். மழுங்கிய கல்லில் சரக்கு வழுக்கும், கைவலிதான் மிஞ்சும். அப்போது உளிகொண்டு புள்ளி புள்ளியாகக் கொத்தி மேற்பரப்பைச் சொரசொரப்பாக்க வேண்டும். இதனை அம்மி பொளிதல் என்பர். "அம்மி பொளியிறதோ, ஆட்டுக்கல் பொளியிறதோ" என்று ஒழுங்கைகள்தோறும் கூவிச் செல்வோர் முன்னாளில் இருந்தனர். ஓர் உளி, ஒரு சுத்தியல், தோளில் ஒரு துண்டு; இவ்வளவே அவர்தம் மூலதனம். எமது அம்மம்மா சொல்வதுண்டு: பொளிய வருபவர் குசினிக்குள் வருவதில்லை; அம்மியைத் தூக்கி முற்றத்தில் வைக்கவேண்டும்; வேலை முடிந்தபின் தண்ணீர் சிரட்டையில்தான் கொடுபடும்; அவர் தொட்ட கல்லை மஞ்சள் நீர் தெளித்தே உள்ளே எடுப்பர். அவரின்றி அரைபடாத கல், அவர் தொட்டதனால் தீட்டாயிற்றாம்! 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. எமது ஒழுங்கையில் சிரட்டை மறைந்தது அதற்கும் பல ஆண்டுகளுக்குப் பின்னரே என்று அம்மம்மாவே ஒப்புக்கொண்டார். சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது என்பதையும் எழுதவேண்டும்.

காலம் மாறியது. 1902ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே புகையிரதம் ஓடத் தொடங்கியது. 1905இல் கொழும்பு வரை பாதை திறந்தது. பின்னர் மா அரைக்கும் ஆலைகள் வந்தன, மின்சாரம் வந்தது, மின் அரைப்பான் வந்தது. ஆட்டுக்கல் கிணற்றடிக்குப் போயிற்று. அம்மி, சம்பலுக்கும் பிள்ளை பெற்றவளின் பத்தியச் சரக்குக்கும் மட்டும் என்றாயிற்று. இந்த மாற்றத்தை நாம் குறைகூறுவதற்கில்லை. "அம்மியில் அரைத்த சுவை வருமா?" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்கும் ஆடவரை நாம் அறிவோம். அவர்களுள் எத்தனைபேர் ஒருநாளேனும் குந்தியிருந்து அரைத்தவர்?

ஆயின் 1990ஆம் ஆண்டு யூன் மாதம் போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டின் மின்சாரம் அறுந்தது. மின் அரைப்பான்கள் அலுமாரிக்குள் உறங்க, ஒதுக்கிய கற்களை மக்கள் மீண்டும் கழுவி எடுத்தனர். சீமெந்தும் எரிபொருளும் மின்கலமும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. சீமெந்துத் தொழிற்சாலையும் மூடிற்று. சுண்ணக்கல்லின் மேல் வாழும் மக்கள் ஒரு பை சீமெந்துக்கு அலைந்த காலம் அது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து தென்மராட்சிக்குள் வந்தனர். மழை இருளில் சைக்கிளிலும் தலையிலும் கொண்டுவந்த பொருள்களுள் அம்மி இல்லை. யார்தான் அதைச் சுமப்பர்? எமது வீட்டில் அப்போது ஐந்து குடும்பங்கள் தங்கின. அம்மி ஒன்று. விடியற்காலை தொடங்கி முறைவைத்து அரைத்தனர் என்றும், ஒருவர் அரைத்து முடித்ததும் அம்மியைக் கழுவி அடுத்தவருக்குச் சிறிது தேங்காய்ப்பூவையும் வைத்துச் செல்வர் என்றும் அம்மா கூறுவார். அதுவரை ஒரே பந்தியில் அமராத சாதியினர் ஒரே கல்லில் அரைத்த நாள்கள் அவை.

2000ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் ஆனையிறவு முகாம் வீழ்ந்தது. மே மாதத்தில் சமர் சாவகச்சேரிக்கு வந்தது. இம்முறை ஓடியவர் நாம்; எமக்கு அப்போது பத்து வயது. வடமராட்சியில் ஒரு பாடசாலை மண்டபத்திலும் பின்னர் உறவினர் வீட்டிலும் இருந்தோம். நகரும் சந்தையும் தரைமட்டமாயின. திரும்பி வந்தபோது எமது குசினிக்குக் கூரை இல்லை. வளையும் சுவரின் ஒரு பகுதியும் அம்மிமேல் விழுந்து கிடந்தன. அவற்றை அகற்றிப் பார்த்தால் அம்மி குறுக்கே இரண்டாகப் பிளந்திருந்தது, மூன்றில் இரண்டு பங்கு ஒரு துண்டும் மீதி ஒரு துண்டுமாக. குழவிக்கு ஒன்றும் நேரவில்லை.

பிளந்த அம்மியை வீட்டில் வைத்தல் ஆகாது என்று அயலார் ஒருவர் சொன்னார். அம்மம்மா அவரைத் திரும்பியும் பாராமல், "கல்லுத்தானே பிளந்தது, எடுத்து வையுங்கோ" என்றார். கூரையில்லாத வீட்டில் இனிமேல் எந்த அபசகுனம் வந்து என்ன செய்துவிடப் போகின்றது என்பது அவர் எண்ணமாக இருக்கலாம். ஓராண்டுக்கு மேலாகப் பெரிய துண்டு ஒன்றிலேயே அரைத்தனர். 2002ஆம் ஆண்டு ஏப்பிரிலில் ஏ-9 வீதி திறந்தபின் சீமெந்து தாராளமாக வந்தது. வீடு திருத்த வந்த மேசன் அம்மியையும் பார்த்தார்.

அவர் செய்த வேலையை நாம் அருகிருந்து கண்டோம். பிளவின் இரு முகங்களையும் கொதிநீரும் தும்பும் கொண்டு தேய்த்து, எண்ணெய்ப்பிசுக்கையும் பழைய சரக்கையும் போக்கினார். பிசுக்கு இருந்தால் சீமெந்து பற்றாது. இரு நாள் வெயிலில் காய விட்டார். பின் பத்தியின் மூலையில் செங்கல்லால் ஒரு திட்டுக் கட்டி, ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு மணல் என்ற கலவையைப் படுக்கையாகப் பரப்பினார். கல்லின் அடிப்பாகத்தை நனைத்து இரு துண்டுகளையும் அதன்மேல் இருத்தினார். பிளவின் கீழ்ப்பாதியில் மட்டும் சீமெந்துப் பாலைப் பூசினார். மேலே வெறுங்கல்லோடு வெறுங்கல் முட்டவேண்டும் என்றார். காரணமும் சொன்னார். சீமெந்து கருங்கல்லிலும் மென்மையானது. அரைக்கும் முகத்தில் அது இருந்தால் தேய்ந்து சம்பலில் சேரும். புளி அதைத் தின்னும். இன்று கடைகளில் விற்கும் பசைகளுக்கும் இவ்விதி பொருந்தும் என்பதை இவ்வேலையில் இறங்குவோர் மனத்திற் கொள்க. பசை உடைந்த காலையோ அடியையோ பொருத்தலாம். உணவு படும் முகத்துக்கு அது உரியதன்று.

பிறகு கயிற்றைச் சுற்றி, ஒரு தடியைச் செருகி முறுக்கி, துண்டுகள் இறுக நெருங்கும்படி கட்டினார். ஈரச்சாக்குப் போட்டு மூடி, ஏழு நாளைக்குத் தண்ணீர் தெளிக்கும் பொறுப்பை எம்மிடம் தந்தார். எட்டாம் நாள் கயிற்றை அவிழ்த்தபோது இரு துண்டுகளுக்கும் இடையே ஒரு நெல் அளவு உயரவேறுபாடு இருந்தது. அதைப் பொளிந்துதான் சமன்செய்ய வேண்டும். பொளிபவரோ இல்லை. முன்பு வந்தவர் இடப்பெயர்வில் வன்னிக்குப் போனவர்; திரும்பவில்லை. மேசன் தம் உளியாலேயே இரு பகல் இருந்து கொத்தினார். அவருக்குத் தேநீர் குசினிக்குள், எமது கோப்பையில் கொடுத்தார் அம்மம்மா. அதன்பின் உமியும் தவிடும் உப்பும் இட்டு மும்முறை அரைத்துக் கழுவினர். நான்காம் முறை பச்சரிசி. அரைத்த மா நரையாக வந்தது. அதையும் கொட்டினர். ஐந்தாம் முறை வெள்ளையாக வந்தது.

பிளவு இன்னும் மயிரிழைபோலத் தெரிகின்றது. அதில் சரக்குத் தங்காதிருக்க அரைத்தவுடன் தும்பால் குறுக்கே தேய்த்துக் கழுவவேண்டும். வாரம் ஒருமுறை கொதிநீர் ஊற்றவேண்டும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின்சாரம் நின்றபோது, அயல் வீட்டார் மூவர் தேங்காய்ப்பூவோடு எமது பின்பத்திக்கு வந்தனர்.

சென்ற விடுமுறையில் கல் மீண்டும் மழுங்கியிருப்பதாக அம்மா கூறினார். பொளிபவரைத் தேடினோம், கிடைக்கவில்லை. சந்தைக்கருகில் ஓர் உளி வாங்கி வந்து நாமே அமர்ந்தோம். முதல் நாள் கொத்திய புள்ளிகள் ஒழுங்கற்றுக் கிடந்தன. பெருவிரலில் ஒரு காயம். அம்மா வந்து பார்த்துவிட்டு, உளியைச் சற்றுச் சாய்த்துப் பிடிக்குமாறு சொன்னார். இன்னும் சிறிய துண்டின் பக்கம் பாதி மீதியிருக்கின்றது.