இளங்குதிரையின் வாயில் எந்த இரும்பு?

பழைய தமிழில் கலினம் என்றொரு சொல் இருக்கிறது. கடிவாளம் என்று பொருள். வடமொழி ‘கலீன’விலிருந்து அது தமிழுக்கு வந்தது. அந்த வடமொழிச் சொல்லோ கிரேக்கரின் ‘கலினொஸ்’ என்ற சொல்லிலிருந்து பிறந்ததென்பது சொல்லாராய்ச்சியாளர் பலரின் கருத்து. குதிரையோடு சேர்ந்து சொல்லும் நடந்து வந்திருக்கிறது போலும். எம்மில் பலர் ஊரில் கண்ட குதிரை நெடுந்தீவின் மட்டக்குதிரைதான். அது வாயில் இரும்பு படாமல் தன்பாட்டில் திரிவது. ஆகவே கடிவாளத்தைப் பற்றிப் பேசுவதானால் நாம் அந்தச் சொல் புறப்பட்ட இடத்துக்கே போகவேண்டியிருக்கிறது.

கடிவாளம் என்று நாம் மொத்தமாகச் சொல்வதில் தலையில் பூட்டும் வாரும், கையில் பிடிக்கும் வாரும், வாய்க்குள் கிடக்கும் இரும்பும் அடங்கும். இங்கே பேச்சு அந்த இரும்பைப் பற்றியது. குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே வெறும் முரசு மட்டுமே உள்ள ஓர் இடைவெளி உண்டு. மனிதன் குதிரையை ஆண்டதெல்லாம் அந்த இடைவெளியின் தயவால்தான். அங்கே எலும்பின்மேல் மெல்லிய தசைப்போர்வை. இரும்பின் பாரம் அதிலும் நாக்கிலும் விழுகிறது. ஒல்லியான இரும்பு வெட்டும். தடித்தது பாரத்தைப் பரப்பும், ஆனால் மிதமிஞ்சித் தடித்தால் வாய் கொள்ளாது. இரண்டரை வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் பால்பற்கள் விழுந்து புதுப்பற்கள் வருகின்றன. குதிரையைப் பழக்கத் தொடங்குவதும் பெரும்பாலும் அந்த வயதுகளில்தான்.

ஏதென்ஸ்காரரான செனபோன் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். கூலிப்படையோடு பாரசீகம் போய் மீண்டவர். பிறகு சொந்த நகரத்தால் நாடுகடத்தப்பட்டு, ஒலிம்பியாவுக்கு அருகில் ஸ்பார்ட்டாக்காரர் கொடுத்த காணியில் குடியிருந்தவர். மென்மையான பழக்கலுக்கு அவரைத்தான் தந்தை என்பார்கள். வற்புறுத்திச் செய்விப்பதில் அழகில்லை, அது நடனமாடுபவரைச் சவுக்கால் அடித்து ஆடவைப்பது போன்றது என்ற அவரது கருத்தைக் குதிரைப் புத்தகக்காரர்கள் இன்றும் விடாமல் எடுத்துக்காட்டுகிறார்கள்.

அதே நூலின் 10ஆம் அத்தியாயத்தை அவ்வளவு ஆர்வத்தோடு எடுத்துக்காட்டுவதில்லை. குறைந்தது இரண்டு இரும்புகள் வேண்டும் என்கிறார் அதில். ஒன்று வழுவழுப்பானது. மற்றது பாரமான வட்டுகளும் கூர்முட்களும் கொண்டது. அந்த முட்களுக்குக் கிரேக்கர் வைத்த பெயர் ‘முள்ளெலி’. இத்தகைய இரும்புகள் மண்ணிலிருந்து கிடைத்து ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. முள் இரும்பைக் கண்டு குதிரை வெறுக்கவேண்டும், பிறகு வழுவழுப்பானதை மாட்டினால் அது மகிழும், முள்ளில் கற்றதையெல்லாம் வழுவழுப்பிலும் செய்யும் என்பது அவரது கணக்கு. அதாவது இரண்டாவது இரும்பின் மென்மை முதலாவதன் நினைவில்தான் நிற்கிறது. அரசுகளின் மென்மையைப் பற்றி இந்த இடத்தில் ஏதாவது சொல்லத் தோன்றுகிறது, அதை விட்டுவிடுவோம்.

அவருக்கு நியாயம் செய்யவும் வேண்டும். எந்த இரும்பானாலும் அது சங்கிலிபோல் வளைந்து கொடுக்கவேண்டும், விறைத்த கம்பியைக் குதிரை கடித்துப் பிடித்துக்கொள்ளும் என்று கண்டவர் அவர். குதிரை இணங்கிய கணத்திலேயே கை இளகவேண்டும் என்றும் சொன்னார். இது கொல்லனின் பட்டறையில் கிடைக்கிற மென்மை இல்லை.

பின்வந்தவர்கள் பட்டறையைத்தான் நம்பினார்கள். 1550இல் நாப்போலியில் வெளிவந்த கிரிசோனேயின் நூல் விதவிதமான வாயிரும்புகளின் படங்களைக் கொண்டது. அக்காலத்து இரும்புகளின் இருபுறமும் நீண்ட தண்டுகள், தாடைக்குக் கீழே ஒரு சங்கிலி. தண்டு நீள நீள, விரலின் சிறு இழுப்பும் வாயில் நெம்புகோலின் பலத்தோடு இறங்கும். அடங்காத குதிரைக்குப் பின்னால் கம்பில் கட்டிய பூனையைக் காட்டச் சொன்னதும் இந்த நூல்தான். அதே நகரத்தில் பிஞ்ஞாத்தெல்லி என்ற ஆசிரியர் சாதாரண இரும்புகளோடு திருப்திப்பட்டார். வாயை இரும்பே திருத்துமென்றால் கடையிலிருந்து வெளியே வரும்போதே எல்லோரும் வித்தகர்களாகிவிடலாமே என்பது அவரது கிண்டல். அவரது மாணவர் லா புரூ அதைப் பதிந்து வைத்திருக்கிறார்.

இன்னொரு அகதியும் இந்த வரலாற்றில் வருகிறார். ஆங்கிலேய உள்நாட்டுப் போரில் மன்னருக்காகப் படை நடத்தி, 1644இல் மார்ஸ்டன் மூரில் தோற்று, கண்டத்துக்குத் தப்பிய வில்லியம் கவென்டிஷ். அன்ட்வேர்ப்பில், ஓவியர் ரூபன்ஸ் வாழ்ந்த வீட்டை வாடகைக்கு எடுத்துக் கடனில் காலம் தள்ளினார். பிரபு அகதி என்பதால் கடன் கொடுக்க ஆளிருந்தது. அங்கே குதிரைகளையும் பழக்கினார். 1658இல் பிரெஞ்சில் அவரது நூல் வெளிவந்தது. இளங்குதிரையின் வாயைக் காப்பாற்ற அவர் கண்ட வழி, வாரை வாயில் பூட்டாமல் மூக்குப் பட்டையில் பூட்டுவது. அந்தப் பட்டையும் இரும்புதான். நோவு வாயிலிருந்து மூக்குக்கு இடம்பெயர்ந்தது. ஆனாலும் முரசு புண்ணாகாமல் தப்பியது. அது சின்ன விடயமில்லை.

1730இலிருந்து பாரிஸின் துய்லெரி குதிரைப் பள்ளியை நடத்திய லா கெரினியேர், 1733இல் ‘எக்கோல் து கவலரி’ என்ற பெரிய நூலை அச்சிட்டார். இளங்குதிரைக்கு அவர் எடுத்தது நடுவில் மூட்டு வைத்த, வழுவழுப்பான, எளிய இரும்பு. செனபோனின் வரிசை இங்கே தலைகீழாகிறது. முள் முதலில் வருவதில்லை. வழுவழுப்புக்குப் பின்னால் நினைவுபடுத்த ஒரு முள்ளும் இல்லை. காரணம் கருணை மட்டுமென்று நாம் நினைக்கவில்லை. முரசு ஒருமுறை காய்ப்புப் பிடித்துவிட்டால் குதிரைக்கு உணர்ச்சி போய்விடும், பிறகு ஒவ்வொரு தரமும் முன்னையதிலும் கொடிய இரும்பு தேடவேண்டும். கெட்ட வாயைத் திருத்துவதைவிடக் கெடாத வாயைக் காப்பது மலிவு. நல்ல குதிரைக்காரருக்கு இது நெடுங்காலமாகத் தெரியும்.

நடுவில் மூட்டு வைத்த வழுவழுப்பான இரும்பு இன்றும் ஐரோப்பாவின் குதிரைச் சாமான் கடைகளில் விற்கிறது. இளங்குதிரைக்கென்று கேட்டால் பெரும்பாலும் அதைத்தான் எடுத்துத் தருவார்கள். முறுக்குக் கம்பியில் செய்ததும் விற்பனையில் இருக்கிறது.